மிளகின் வையாளி

ஸ்ரீரங்கம்,
24.11.2025

மாலினிக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். இரண்டு வருஷம் ஒரு மாசம் ஆகிறது. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சம்மதித்துவிட்டதாக நாலு பேர் எடுத்துக்கொள்வார்கள். சம்மதிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா துணி உலர்த்துகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் உன்னோடு போனில் பேசுவது எனக்குத் தெரியும். நாலு துணி உலர்த்த முக்கால் மணி ஆகாது. அவளிடமே கேட்கச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் வழியாகப் போகிற எந்த விஷயமும் சர்க்கரை தூவித்தான் போய்ச் சேரும். அதனால் இந்தக் கடிதம். பதிலையும் எழுத்திலேயே அனுப்பு.

விஷயம் மிளகைப் பற்றியது.

ஐப்பசிக் கடைசியிலிருந்து இருமுகிறது. இருமல் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பழைய லாரியின் ரப்பர் ஹாரனை அமுக்கினால் ஒரு சத்தம் வருமே, அது. வாசலில் யாராவது வந்தால் வருகிறது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் வருகிறது. காலையில் பெருமாளுக்குச் சாம்பிராணி போடும்போது வருகிறது. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று உன் அம்மா நாலு நாள் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தாள். வாய் நாற்றம் பக்கத்தில் போக முடியவில்லை. வலது பக்கமாக மட்டும் மெல்லுகிறது. தயிர் சாதத்தில் பாதியை வைத்துவிடுகிறது. மளிகைக் கடைத் தராசில் துணிப்பையோடு நிறுத்தேன். ஒரு கிலோ தொள்ளாயிரம். ஏழு வயது நாய்க்கு இது ஒரு எடையா?

இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். ஊசி போட்டுவிட்டு, "குட்டி ஜாதி நாய் சார், இப்படித்தான் இருக்கும்" என்றார். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவனிடம் "இப்படித்தான்" என்பது ஒரு பதிலா?

மற்றபடி நன்றாகவே இருக்கிறது. வையாளி முன்பைவிட அதிகமாகப் போடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நாலு தத்து தத்திவிட்டுத் திரும்ப ஓடுமே, நம்பெருமாள் குதிரை வாகனத்தில் முன்னும் பின்னும் ஓடி வையாளி ஆகிற மாதிரி இருக்கிறது என்று அதற்குப் பெயர் வைத்தவனே நான்தான். நீ கை தட்டுவாய். இப்போது யாரும் தட்டுவதில்லை. அதுவாகப் போட்டுக்கொள்கிறது.

நீ போன மறுவாரம் உன் வீட்டுக்காரர் ஒரு பிரம்புக் கூடையோடு வாசலில் வந்து நின்று நாயைக் கேட்டார். "நாய் இந்தாத்து நாய்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்த வார்த்தையில் மாற்றமில்லை. தடுப்பூசி போட நாயைத் தூக்கிக்கொண்டு போனவள், டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்புவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொள்ளிடம் பாலத்தில் நடக்கப் போன இடத்தில் பழைய மாணவன் ஒருவன் "கங்கிராஜுலேஷன்ஸ் சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். எதற்கு என்று அவனிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

நாய்க்கு என்ன வைத்தியம் என்று மட்டும் எழுது. வர வேண்டாம்.

வி. சாரங்கபாணி


அரியமங்கலம்,
29.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். நானும் அவரும் சௌக்கியம். கவர் மேலேயே உங்கள் எழுத்து தெரிந்துவிட்டது. பிரிக்கப் பயந்து மத்தியானம் வரைக்கும் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். உங்களுக்கோ அம்மாவுக்கோ ஏதோ என்று நினைத்துவிட்டேன். படித்து முடித்ததும் அழுததில் அவர் கிளினிக்கிலிருந்து ஓடிவந்தார். "லாரி ஹாரன்னு அப்பா எழுதியிருக்கார்" என்று கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார். "உங்கப்பா கண்ணு நல்ல கண்ணு மாலினி. நான் கேக்கணும்னு நெனச்சதையெல்லாம் அவரே எழுதிட்டாரு" என்றார்.

நாயின் மூச்சுக்குழாய் வளையம் வளையமாகக் குருத்தெலும்பால் ஆனது அப்பா. இந்தக் குட்டி ஜாதிகளுக்கு வயதாக ஆக அந்த வளையம் தளர்ந்துவிடும். இளநீர் குடிக்கிற குழாயை வேகமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி மூச்சு இழுக்கும்போது அமுங்கும். அதுதான் அந்தச் சத்தம். முழுக்கக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். கழுத்துப் பட்டையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை கிடைக்கும், அதை வாங்குங்கள். சாம்பிராணியை அது இல்லாத அறையில் போடச் சொல்லுங்கள்.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். அப்பா, அது வையாளி இல்லை. முழங்கால் சில்லு இடம் விட்டு நழுவுகிறது. நழுவின நேரத்தில் காலை ஊன்ற முடியாமல் தூக்கிக்கொள்கிறது. சில்லு தானாகத் திரும்ப உட்கார்ந்ததும் ஓடுகிறது. இதுவும் இந்த ஜாதிகளுக்குச் சாதாரணமாக வருவதுதானாம். அவரிடம் எத்தனையோ தடவை மிளகைக் கொண்டுபோயிருக்கிறேன், இதை மட்டும் சொன்னதே இல்லை. விளையாட்டை யார் டாக்டரிடம் சொல்வார்கள்? நான் ஐந்து வருஷம் கை தட்டியிருக்கிறேன்.

பல்லைச் சுத்தம் செய்து, ஆடுகிற பல்லை எடுத்துவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய முடியும். இவ்வளவு சின்ன உடம்புக்கு அதற்கு முன்னால் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இங்கே கொண்டு வாருங்களேன். இல்லாவிட்டால் நாங்கள் வருகிறோம். வாசலோடு வாங்கிக்கொண்டு போகிறோம்.

சாப்பாடு எப்படிக் கொடுப்பது, திடீரென்று ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று அவர் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறார். நான் நகல் எடுக்கவில்லை, அவர் எழுத்திலேயே அனுப்புகிறேன். அவசியம் படியுங்கள்.

வி. சாரங்கபாணி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். காலேஜ் நோட்டீஸ் போர்டைப் படித்த மாதிரி இருந்தது.

உங்கள் அன்பு மகள்,
மாலினி


ஸ்ரீரங்கம்,
9.12.2025

மாலினிக்கு,

கடிதம் கிடைத்தது. கழுத்துப் பட்டையைக் கழற்றியாயிற்று. மார்புப் பட்டைக்காகக் காந்தி மார்க்கெட் பக்கம் ஷேக் தாவூது என்பவர் கடைக்குப் போனேன். நாய்ச் சங்கிலி, கிளிக்கூண்டு எல்லாம் வைத்திருக்கிறார். அளவு சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நாய்க்குத்தான கேக்குறீங்க?"

"நாய்தான்."

"இந்த அளவுக்கு நாய்ல கெடையாது சார். பூனைக்குப் போடுறது இருக்கு, தரட்டுமா? வெளிய சொல்லிக்காதீங்க, அது மனசு கஷ்டப்படும்."

நீல நிறம். பொருந்துகிறது. ஹாரன் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

வையாளி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஹாலில் உட்கார்ந்து எண்ணினேன். காபி குடித்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை பதினாறு தடவை. பதினாறும் இடது பின்னங்கால். இதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அதற்காக, நான் பெயர் வைத்ததால்தான் நாய்க்குக் கால் போனது என்கிற மாதிரி நீ எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஒரு நாள் கத்தியதா? அழுததா? வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிற ஜந்துவுக்கு வலிக்கிறது என்று யார் கண்டது? ஐந்து வருஷம் கை தட்டினவள் நீ. இரண்டு வருஷமாகச் சோறு போடுகிறவன் நான்.

என்னுடைய எந்தக் கணக்கும் கடைசியில் இப்படித்தான் முடிகிறது. டிபார்ட்மெண்டை இருபது வருஷம் தூக்கி நிறுத்தினேன். ஹெச்.ஓ.டி. நாற்காலியில் எனக்கு ஜூனியர் உட்கார்ந்தான். மாலை வாங்கிக் கொடுத்து மேடையில் போடச் சொன்னார்கள், போட்டேன். உன்னை எம்.எஸ்ஸி. படிக்க வைத்தேன். ஒரு நாயை வளர்த்தேன். அதிலும் குற்றவாளி நான்தான்.

இதயத்தைப் பார்க்கணும், மயக்கம் கொடுக்கணும், அரியமங்கலத்துக்குக் கொண்டு வரணும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு நாயின் பல்லைக் காட்டி என்னை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிற யுக்தி எனக்குப் புரியாமல் இல்லை. உன் வீட்டுக்காரரின் அப்பா வைத்திருக்கிற லேத் பட்டறை வாசலில் போய் நான் கை கட்டி நிற்பதற்கில்லை. அந்தத் தனித்தாளை நான் பிரிக்கவும் இல்லை. பழைய வினாத்தாள் கட்டோடு அலமாரியில் கிடக்கிறது.

நாயை அனுப்ப மாட்டேன். நீ இந்த அகத்தில் விட்டுப் போனவற்றில் அது ஒன்றுதான் என்னிடம் சொல்லாமல் எழுந்து போகாதது.

வி. சாரங்கபாணி


அரியமங்கலம்,
15.12.2025

அப்பாவுக்கு,

சொல்லாமல் போனேன் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். மூன்று தடவை சொல்ல வந்தேன். மூன்று தடவையும் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். முதல் தடவை "அப்புறம்" என்றீர்கள். இரண்டாவது தடவை "லேத்துக்காரன் பிள்ளை விஷயம்னா வேண்டாம்" என்றீர்கள். மூன்றாவது தடவை பேப்பரைக் கீழே இறக்கவே இல்லை. காலடியில் உட்கார்ந்திருந்த மிளகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தது.

யுக்தி என்று எழுதியதை அவரிடம் காட்டவில்லை. மறைத்துவிட்டேன். கூடையோடு வந்த அன்றைக்கு "மாட்டு டாக்டருக்கு நாய் எதுக்கு?" என்று கேட்டு அனுப்பினீர்கள். அதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆறு மாசம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு ஓய்ந்துபோய்விட்டது அப்பா. மிளகை இனிமேல் கேட்க மாட்டேன். வைத்துக்கொள்ளுங்கள். கடிதமும் இதுதான் கடைசி. அந்தத் தாளை மட்டும் படித்துவிடுங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும், எனக்காக இல்லாவிட்டாலும்.

மாலினி


ஸ்ரீரங்கம்,
2.1.2026

டாக்டர் பாலமுரளி அவர்களுக்கு,

மாலினி இனி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டதால் உங்களுக்கு எழுதுகிறேன். இது உங்களுக்கு வியப்பாக இருக்கும். எனக்கும்தான்.

முந்தாநாளுக்கு முதல் நாள் வைகுண்ட ஏகாதசி. எங்கள் அகத்தில் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. முதல் நாள் சாயங்காலமே பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவோம். எங்களுக்குப் பாலும் பழமும் உண்டு. நாய்க்கு என்ன வைப்பது என்று விடியற்காலையில் கோவிலுக்குக் கிளம்பும்போது மாலினியின் அம்மா கேட்டாள். முதல் நாள் ராத்திரியும் அது பல்வலியில் இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. "அதுவும் ஒரு நாள் உபவாசம் இருக்கட்டும், நமக்கு முன்னாடி வைகுண்டம் போகும்" என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பரமபத வாசல் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேவித்து முடித்து, ஆயிரங்கால் மண்டபத்தில் நின்று, தள்ளுமுள்ளில் வெளியே வர மத்தியானம் இரண்டு மணி. கதவைத் திறந்ததும் ஓடி வரவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. கண் திறந்திருந்தது. கால்கள் மட்டும் தண்ணீரில் நீந்துகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"ஏன்னா, தலையத் தூக்க மாட்டேங்கறதே! என்னமோ பண்றதே இதுக்கு!" என்று மாலினியின் அம்மா கத்தினாள். தண்ணீர் ஊற்றப் போனாள். ஏனோ வேண்டாம் என்று தோன்றிக் கையைத் தட்டிவிட்டேன். இங்கே காட்டின டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. "மாப்பிள்ளைக்குப் பண்ணுங்கோ, மாப்பிள்ளைக்குப் பண்ணுங்கோ" என்றாள். உங்கள் நம்பர் என்னிடம் இல்லை; மாலினியின் நம்பரை அவள் போன அன்றைக்கே அழித்துவிட்டிருந்தேன். அவள் போன் கோவிலில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் அலமாரியைத் திறந்தேன். வினாத்தாள் கட்டைத் தரையில் கொட்டினேன். மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது உங்கள் தாள்.

பதினோரு வரி. உங்கள் எழுத்து சின்னதாக, தெளிவாக இருக்கிறது. நாலாவது வரி: இரண்டு கிலோவுக்குக் குறைந்த நாயை ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றில் விடக் கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்; குட்டிகளுக்குத்தான் அதிகம், ஆனால் பல்வலியில் சாப்பிடாத பெரிய நாய்க்கும் வரும். ஐந்தாவது வரி: துவண்டு விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும்; தேனை விரலால் தொட்டு ஈறில் தேய்க்க வேண்டும். ஆறாவது வரி: துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தாளை மடியில் வைத்துக்கொண்டேன். லேபில் முதல் வருஷப் பையன் குறிப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்வானே, அப்படி ஒவ்வொரு வரியாகச் செய்தேன். தேன் பாட்டில் மூடி திறக்க வரவில்லை. கடைசியில் சமையல் மேடையில் தட்டி உடைத்தேன். அந்த ஈறு எவ்வளவு வெளுத்திருந்தது, அந்தப் பல் எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்று அப்போதுதான் பார்க்கிறேன். இத்தனை மாசமாக வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் இருக்கும். என் விரலை நக்கிற்று. பிறகு தலையைத் தூக்கி, நான்தானா என்று பார்த்தது. ஏகாதசியன்று, என் நினைவில் முதல் தடவையாக, எங்கள் அகத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தோம். வைக்கச் சொன்னவன் நான்தான்.

மூன்று நாளாக நன்றாக இருக்கிறது. நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். கிஸ்மிஸும் திராட்சையும் கூடாது என்ற ஒன்பதாவது வரியைப் படித்துவிட்டு மாலினியின் அம்மா உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரைப் பொங்கலிலிருந்து எடுத்து எத்தனை தடவை கொடுத்திருக்கிறாளோ.

நான் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது நன்றி இல்லை. நாயை அகத்து நாய் என்று சொல்லி வைத்துக்கொண்டது பாசத்தால் இல்லை. அதை உங்களிடம் கொடுத்தால் மாலினி எங்களிடம் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஒன்றும் கேட்க வேண்டாதவள் ஏன் இந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்ற எண்ணம். ஒன்று தொள்ளாயிரம் எடையுள்ள ஒரு ஜந்துவின் கழுத்தில் அதைக் கட்டி வைத்திருந்தேன். வாசலில் கூடையோடு நின்ற உங்களை நான் கேட்ட கேள்வியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நீங்கள் அவளிடம் சொல்லவில்லை என்று அவள் எழுதியிருந்தாள்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. தீர்ந்தது என்று எழுதினால் பொய். பாலத்தில் அந்தப் பையன் கை குலுக்கியது இன்றைக்கும் உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் கோபப்பட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அது இப்போது என்னிடம் இல்லை.

வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மிளகைக் கொண்டு வருகிறேன். ஆட்டோவில் வருவோம், பஸ் சத்தத்தில் அதற்கு இருமல் அதிகமாகும். இதயத்தைப் பாருங்கள். பல்லுக்கு மயக்கம் கொடுக்கலாமா கூடாதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இதை எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கு என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். அது முடிந்த பிறகு நாய் அங்கேயே இருக்கட்டும். அதன் தட்டையும் போர்வையையும் எடுத்து வருகிறேன். மாலினியின் அம்மா அதைச் சாக்காக வைத்து வாரம் ஒரு தடவை அங்கே வருவாள். வரட்டும். அவளுக்கும் மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் வலி.

நான் உள்ளே வருவேனா என்று தெரியவில்லை. காபிக்கு ஏற்பாடு செய்ய வேண்டாம். வற்புறுத்தவும் வேண்டாம் என்று மாலினியிடம் சொல்லிவையுங்கள்.

காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிக்க வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. உங்கள் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே எனக்கென்று ஒரு விளியும் இல்லை, கீழே உங்கள் பெயரும் இல்லை. முதலில் அதை மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது, என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் நீங்களும் இப்படிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்.

வெறும் பெயரை எழுதினால் யாரோ மூன்றாம் மனிதன் நாய்க்கு நேரம் கேட்டு எழுதின மாதிரி இருக்கிறது. முறை சொல்லி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கையெழுத்து இல்லாமலே போடுகிறேன்.